பெயர் ஒன்று, இயல்பு பல

உழவர் குடியிற் பிறந்த சிறுவன் ஒருவனை நோக்கி, "நெல் எத்தனை நாளில் விளையும்?" என்று வினவினால், அவன் விடை கூறுமுன், "எந்த நெல்?" என்று நம்மையே திரும்பக் கேட்பான். குறுவை ஏறக்குறைய நான்கு திங்களுக்குள் கதிர் முற்றும். சம்பாவிற்கு ஐந்தாறு திங்கள் வேண்டும். ஒருவகை வெள்ளத்தில் நின்றும் பிழைக்கும். மற்றொருவகை நீர் அருகிய நிலத்திலும் விளைவு தரும். நெல் என்னும் பெயர் ஒன்றே, இயல்போ பலவாம். வயலில் இவ்வுண்மையை ஐயமின்றி உணர்ந்துள்ள நாம், நோய்க்கிருமிகளைப்பற்றி எண்ணும்போது மட்டும் இதனை மறந்துவிடுகின்றோம். ஒரு நோய்க்கு ஒரு கிருமி, அக்கிருமிக்கு ஒரு பெயர், அப்பெயருக்கு ஒரு மருந்து என்று கணக்கிட்டு அமைதியுறுகின்றோம். அக்கசாலையில் ஓர் அச்சில் அடித்த காசுகளைப் போலக் கிருமிகள் யாவும் ஒரு தன்மையன என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் பொய்த்தவிடத்து விளையும் துன்பம் யாது என்பதையும், அத்துன்பத்தை எவர் சுமக்க நேர்கின்றது என்பதையும், காலா ஆசார் என்னும் நோயின் வரலாற்றைக் கொண்டு இங்கு ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

காலா ஆசார் என்பது வடநாட்டு வழக்கு. கருநோய் என்பது அதன் பொருள். நோயுற்றாரின் தோல் கருத்துத் தோன்றுதலால் இப்பெயர் வந்தது என்பர். நாட்பட்ட காய்ச்சல், உடல் மெலிவு, குருதிக் குறைவு ஆகியவற்றோடு மண்ணீரல் பெருத்து வயிறு முன்தள்ளி நிற்றல் இதன் அடையாளம். மருந்து செய்யாது விடப்பட்டோர் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளுள் இறந்துபடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய் அஸ்ஸாமில் ஊர் ஊராகப் பரவிப் பெருங் கேடு விளைத்தது. மலேரியா கொசுவினாற் பரவுவதைக் கண்டறிந்து புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் என்பாரே இதனை ஆராய்ந்து, இதுவும் மலேரியாவின் ஒரு வகையே எனக் கருதினார் என்றால், இதன் மூலத்தை அறிவது எத்துணை அரிதாயிருந்தது என்பதை நேயர்கள் உய்த்துணரலாம்.

இந்நோய்க்கிருமியைக் கண்டறிந்த பெருமையில் நமது சென்னைக்கும் ஒரு பங்குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணிபுரிந்து, நோயுற்று இங்கிலாந்து திரும்பி இறந்த போர்வீரன் ஒருவனின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் என்பார் 1900ஆம் ஆண்டில் முட்டை வடிவான நுண்ணிய உருவங்கள் சிலவற்றைக் கண்டார். 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் அவற்றைப்பற்றி எழுதி வெளியிட்டார். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சார்லஸ் டோனவன் என்பாரும் அத்தகைய உருவங்களைத் தாமே கண்டிருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உயிருடனிருந்த சிறுவன் ஒருவனின் மண்ணீரலினின்று ஊசியால் எடுத்த குருதியிலும் அவற்றைக் கண்டு, அவை பிணத்தின் அழுகலால் தோன்றியவை அல்ல என்று காட்டினார். ராஸ் அவ்விருவர் பெயரையும் இணைத்து, அக்கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று பெயர் சூட்டினார். அந்நாளில் சென்னை நகரிலும் இந்நோய் காணப்பட்டது. இன்று அது தமிழ்நாட்டில் வேரூன்றிய நோயன்று. கங்கைச் சமவெளியிலோ அது நீங்காது நின்றது.

இக்கிருமிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. மணல் ஈ எனப்படும் சிறு பூச்சியின் குடலில் அது வாலுடன் நீந்தித் திரியும். அப்பூச்சி மனிதரைக் கடிக்குங்கால் உடலினுட் புகுந்து, வாலை உள்ளிழுத்து உருண்டையாகி, நம் குருதியிலும் மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள விழுங்கணுக்களுள் குடிகொள்ளும். விழுங்கணு என்பது புறத்திலிருந்து வரும் கிருமிகளைத் தின்று அழிக்கும் காவலாளி. அக்காவலாளியின் வயிற்றையே வீடாகக் கொண்டு பெருகுவதுதான் இக்கிருமியின் சூழ்ச்சி. மணல் ஈயின் கடியினால் நோய் பரவுகின்றது என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்னும் மூவர், தாமாக முன்வந்த மனிதரைக் கொண்டு அஸ்ஸாமில் நடத்திய சோதனையால் 1942ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். பூச்சியினுள் ஒரு வடிவும் மனிதருள் மற்றொரு வடிவும் கொள்ளும் இத்தன்மையை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி மருந்தைப்பற்றிச் சிறிது கூறுவோம். அஞ்சனம் என்பது கண்ணுக்கு இடும் மையாக நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்குவது. அஞ்சனக் கல்லில் அடங்கியுள்ள உலோகமே ஆன்டிமனி. அதன் உப்புகளுள் ஒன்றை 1915ஆம் ஆண்டையொட்டி இத்தாலி நாட்டினரும், இந்தியாவில் லியோனார்டு ராஜர்ஸ் என்பாரும் காலா ஆசார் நோயாளர்க்குக் கொடுத்துப் பயன் கண்டனர். ஆயினும் அது நஞ்சின் கடுமை மிக்கது. கல்கத்தாவில் காம்பெல் மருத்துவப் பள்ளியின் சிற்றறை ஒன்றில், எரிவாயு வசதியும் நீர்க்குழாயும் இன்றி, மண்ணெண்ணெய் விளக்கொளியில் உழைத்த உபேந்திரநாத் பிரம்மச்சாரி, யூரியா ஸ்டிபமீன் என்னும் ஆன்டிமனிக் கூட்டுப்பொருளை ஆக்கி, 1922ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டார். பத்தில் ஒன்பது பேர் இறந்த நோயில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாயினர். நமது நாட்டு அறிஞர் ஒருவர் நமது நாட்டு எளியோர்க்குச் செய்த இவ்வுதவிக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. அதன் பின்னர்ச் சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்னும் மற்றொரு ஆன்டிமனி மருந்து வழக்கில் வந்து, அரை நூற்றாண்டிற்கு மேலாக இந்நோய்க்குரிய முதல் மருந்தாக நிலவியது.

1950ஆம் ஆண்டுகளில் மலேரியாவை ஒழிக்கும்பொருட்டு வீடுதோறும் டி.டி.டி. தெளித்தனர். கொசுவோடு மணல் ஈயும் மடிந்தது. காலா ஆசாரும் மறைந்தது போலாயிற்று. தெளித்தலை நிறுத்திய பின்னர் நோய் மெல்ல மெல்லத் தலைதூக்கி, 1977ஆம் ஆண்டில் வட பீகாரில் பெரும் பரவலாக வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் அதற்கு ஆளாயினர் என மதிப்பிட்டனர். மருந்துதான் கையில் உள்ளதே என்று மருத்துவர் தைரியமாயிருந்தனர். முதலில் உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் சில நாட்கள் ஊசி போட்டனர்; அது போதவில்லை. அளவை 20 மில்லிகிராமாக உயர்த்தினர். பின்னர் நாட்களை இருபதாகவும் முப்பதாகவும் நீட்டினர். ஒவ்வொரு முறையும் சில காலம் பயன் கூடியது. பின்னர் மீண்டும் குறைந்தது. அளவை இன்னும் உயர்த்தலாமெனின், ஆன்டிமனி இருதயத்தைத் தாக்கும் நஞ்சாதலின் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இந்நிலையில்தான், 1990ஆம் ஆண்டுகளின் நடுவில், கல்லூரியில் விலங்கியல் பயின்று வெளிவந்த நாம், முசபர்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றன் வைத்தியசாலையில் ஆய்வுக்கூட உதவியாளராக இரண்டாண்டு இருக்க நேர்ந்தது. மண்ணீரலினின்று மருத்துவர் எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, நுண்பெருக்கியின் கீழ்க் கிருமிகளை எண்ணுவது எமது வேலை. நோயாளருட் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். மண் சுவரும் கூரையுமாகிய குடிசையில், மாட்டோடு ஓரிடத்தில் உறங்குவோர். ஈரமண்ணும் சாணமும் மணல் ஈக்கு உகந்த இடமாதலின், நோய் அவர்களையே முதலில் நாடியது.

ஒருநாள் கூலியாள் ஒருவர் தம் மகனைத் தோளில் சுமந்து வந்தார். சிறுவனுக்கு வயது ஒன்பது. எடை 20 கிலோ. தொப்புளுக்குக் கீழும் மண்ணீரல் இறங்கியிருந்தது. நகரத்திலே ஒரு மருத்துவரிடம் முப்பது நாள் ஊசி போட்டுக்கொண்டும் காய்ச்சல் நீங்கவில்லை. மீண்டும் அம்மருத்துவரிடம் சென்றபோது, "ஊசியை இடையில் விட்டுவிட்டு இப்பொழுது பொய் கூறுகின்றாய், மருந்தை விற்றுத் தின்றாயோ?" என்று கடிந்து அனுப்பிவிட்டாராம். அத்தந்தை நம்முன் தரையில் அமர்ந்து, இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து நான்கு காலிப் புட்டிகளை வரிசையாக வைத்தார். "எண்ணிப் பாருங்கள், ஐயா. ஆட்டை விற்றேன், அவள் காதில் இருந்ததையும் விற்றேன். ஒருநாளும் விடவில்லை" என்றார்.

நாம் எண்ணிப் பார்த்தோம். கிலோவிற்கு 20 மில்லிகிராம் என்றால் 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். மருந்தின் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ளது. ஆகவே நாளொன்றுக்கு நான்கு மில்லி, முப்பது நாளைக்கு 120 மில்லி. ஒரு புட்டி 30 மில்லி கொண்டது. நான்கு புட்டிகள்! கணக்கு ஒரு துளியும் பிசகவில்லை. கலப்பட மருந்தாயிருக்குமோ என்று ஐயுற்றுப் புட்டியின் மேலிருந்த தொகுதி எண்ணைப் பார்த்தோம். அதே தொகுதி மருந்தினால் அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தி அதற்கு முந்திய திங்களில்தான் குணமடைந்து வீடு சென்றிருந்தாள். சிறுவனின் தகட்டை நுண்பெருக்கியில் வைத்து நோக்கினால், பார்வை வட்டந்தோறும் கிருமிகள் நிறைந்திருந்தன. மருந்து குறையவில்லை, மருந்து பொய்யுமன்று, தந்தையும் பொய் கூறவில்லை. எனின் மாறியது யாது? எஞ்சி நிற்பது கிருமி ஒன்றே.

எமது மருத்துவர் அச்சிறுவனுக்கு ஆம்பொடெரிசின் என்னும் வேறு மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குருதிக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினார். ஒவ்வொரு முறையும் குளிரும் நடுக்கமும் வந்து சிறுவன் துவண்டு போவான்; தந்தை கம்பளியோடு அவனை அணைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார். பதினைந்து முறை ஏற்றிய பின்னர் நாம் நோக்கிய தகட்டில் ஒரு கிருமியும் காணப்படவில்லை. அவன் நடந்தே ஊர் சென்றான். ஆனால் அவன் தந்தைமேற் சுமத்திய பழியை மாற்றுதற்கு எந்த மருந்தும் இல்லை. அவர் அப்புட்டிகளை மீண்டும் துணியில் முடிந்துகொண்டே சென்றார்.

அன்று வைத்தியசாலையில் நாம் ஊகித்ததை, 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. பீகாரில் ஆன்டிமனியால் குணமடைந்தோர், குணமடையாதோர் ஆகிய இரு சாராரிடமிருந்தும் கிருமிகளை எடுத்து வளர்த்து, மருந்திட்டுச் சோதித்தனர். வாலுடன் நீந்தும் பூச்சி வடிவில் சோதித்தபோது இரண்டிற்கும் வேற்றுமை தெரியவில்லை. விழுங்கணுவினுள் வாழும் மனித வடிவில் சோதித்தபோதோ உண்மை வெளிப்பட்டது: குணமடையாதோரின் கிருமிகளை அடக்குவதற்கு, மற்றவற்றிற்கு வேண்டிய அளவினும் ஏறத்தாழ மும்மடங்கு மருந்து வேண்டியிருந்தது. நாம் முன்னர்க் குறித்த இரு வடிவங்களின் சிறப்பு இங்கே புலனாகும். ஆன்டிமனி மருந்து நாம் கொடுக்கும் நிலையில் பெரும்பாலும் தீங்கற்றது. விழுங்கணுவினுள் அது வேறொரு நிலைக்கு மாறிய பின்னரே கிருமியைக் கொல்லும். ஆகவே, கிருமியை அது வாழும் வீட்டிலேயே வைத்துச் சோதித்தாலன்றி, மருந்துக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்காது. கண்ணாடிக் குப்பியில் நீந்தும் கிருமியை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறியிருந்தால், பழி மீண்டும் நோயாளர்மீதே விழுந்திருக்கும்.

அதனை அடுத்து 2000ஆம் ஆண்டில் வெளியான கணக்கு இன்னும் தெளிவானது. ஒரே மருந்தை ஒரே அளவில் முறையாகக் கொடுத்தும், பீகார் நோயாளருள் நூற்றுக்கு 35 பேரே குணமடைந்தனர். அண்டையிலுள்ள உத்தரப் பிரதேசத்து நோயாளருள் நூற்றுக்கு 86 பேர் குணமடைந்தனர். இரு சாராரும் ஒரே சமவெளியில், ஒரே வகை வீடுகளில், ஒரே வகை வறுமையில் வாழ்வோர். கிருமியின் பெயரும் ஒன்றே. கால்வழி வேறு.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கிருமி மருந்தைக் கண்டு பழகிக்கொண்டது என்று பலரும் கூறுவர். மாணாக்கன் பாடம் கற்பது போலக் கிருமி மருந்தைக் கற்றுக்கொள்வதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளுள், பெருகும்போது தற்செயலாக நேரும் சிறு பிறழ்ச்சிகளால், சில முன்னரே மாறுபட்டிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றொழிக்க, இச்சில எஞ்சி நின்று பெருகும். வயலில் கைக்களை எடுப்போர், நெல்லினின்று வேறாகத் தெரியும் புல்லைப் பறித்து எறிவர். நெல்லைப் போலவே தோற்றமளிக்கும் குதிரைவாலிப் புல் அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆண்டாண்டாகக் களை எடுக்க எடுக்க, நெல்லை ஒத்த களையே வயலில் மிகும். அப்புல் உழவனை ஏமாற்றக் கற்றதோ? இல்லை, உழவனின் கையே அதனைத் தெரிந்தெடுத்து வளர்த்தது. மருந்தும் அவ்வாறே. குறைந்த அளவில், குறைந்த நாட்கள் கொடுக்கப்பட்ட மருந்தோ பாதிக் களையெடுப்பை ஒக்கும். பீகாரில் நெடுங்காலம் முறையான மருத்துவரும் முறையற்றோரும் மனம்போனவாறு இம்மருந்தைக் கொடுத்துவந்தனர் என்பது மறுக்கவொண்ணாதது. கங்கைக் கரைப் பகுதிகளின் குழாய்க்கிணற்று நீரில் கலந்துள்ள ஆர்செனிக் என்னும் நஞ்சு, ஆன்டிமனியை ஒத்த இயல்புடையதாதலின், அதுவும் இத்தகைய கிருமிகளைத் தெரிந்தெடுத்திருக்கலாம் என்று சில அறிஞர் கருதுவர். எலிகளில் நடத்திய சோதனைகள் அக்கருத்திற்குச் சார்பாயுள்ளன. ஆயினும் அது முடிந்த முடிபன்று.

மாறுபாடு கிருமியின் உள்ளே எவ்விடத்தது என்பதையும் இப்பொழுது ஓரளவு அறிவோம். இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் நோயாளரிடமிருந்து பெற்ற 204 கால்வழிகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து, 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறக்குறைய மூன்று கோடி எழுத்துக்களைக் கொண்ட அந்நூலில், பெரும்பாலான கால்வழிகளிடையே வேற்றுமை மிகச் சிலவே. ஆனால் அச்சிலவற்றின் பயனோ பெரிது. ஆன்டிமனி கிருமியினுள் நுழைவதற்குரிய வாயில் ஒன்று உண்டு. மருந்தை மிகுதியாக எதிர்க்கும் கூட்டம் ஒன்றில், அவ்வாயிலை அமைக்கும் மரபணுவில் இரண்டே எழுத்துக்கள் மிகையாகப் புகுந்து, அதன் பொருளையே கெடுத்துவிட்டன. வாயில் கெட்டது, மருந்து வெளியே நின்றது. மேலும் இக்கிருமிக்கு ஒரு விந்தையான வழக்கம் உண்டு. மனிதர்க்குக் குரோமோசோம் ஒவ்வொன்றும் இரண்டு படிகளாக இருத்தல் முறை. ஒன்று மிகினும் குறையினும் பெருந் தீங்கு. லீஷ்மேனியாவோ தன் முப்பத்தாறு குரோமோசோம்களுட் சிலவற்றை மூன்றாகவும் நான்காகவும் எளிதில் மாற்றிக்கொண்டு வாழும். ஒரே குடும்பத்துக் கிருமிகளிடையேயும் அவ்வெண்ணிக்கை வேறுபடும். புத்தகத்தின் சொற்களை மாற்றாமலே, வேண்டிய ஏட்டைப் பல படிகள் எடுத்து வைத்துக்கொள்வது போன்றது இது. நஞ்சை ஒதுக்கி வைக்கும் புரதத்தின் மரபணு பல படிகளாயின், அப்புரதமும் மிகும், கிருமியும் பிழைக்கும்.

மருந்தைத் தாங்குதல் ஒன்றில் மட்டுமன்று இவ்வேற்றுமை. நமக்கு அண்மையில் உள்ள இலங்கையை நோக்குக. அங்கும் இதே லீஷ்மேனியா டோனவானி உண்டு. 1992ஆம் ஆண்டில் அந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளர் அறிவிக்கப்பட்டார். அதன்பின் பல்லாயிரவர் நோயுற்றனர். ஆயினும் அங்கே அக்கிருமி பெரும்பாலும் மண்ணீரலை நாடுவதில்லை; தோலிலே ஆறாப் புண்ணாகவே நின்றுவிடுகின்றது. பீகாரில் உயிரைக் கொள்வதும் இலங்கையில் தோலோடு அமைவதும் ஒரே பெயருடைய கிருமியே. இனிக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவிற்குச் செல்வோமாயின், இந்தியாவில் ஒரே முறை குருதியில் ஏற்றி, நூற்றுக்கு 95 பேரைக் குணமாக்கிய கொழுப்புறை ஆம்பொடெரிசின், அங்கே அவ்வாறு பயன்படாமையால் சோதனையையே இடையில் நிறுத்தினர். பீகாரில் கைவிட்ட ஆன்டிமனியோ, பரோமோமைசின் என்னும் மருந்தோடு சேர்ந்து அங்கே நெடுங்காலம் முதன்மை மருந்தாயிருந்தது. ஓர் ஊரின் அனுபவத்தை மற்றோர் ஊருக்கு அப்படியே பெயர்த்து வைத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆன்டிமனி தோற்றபின், 2002ஆம் ஆண்டில் மில்டெஃபோசின் என்னும் மருந்து இந்தியாவில் ஏற்கப்பட்டது. புற்றுநோய்க்கென ஆராயப்பட்ட இது, காலா ஆசாருக்கு வாய்வழி உட்கொள்ளும் முதல் மருந்தாயிற்று. ஊசிக்கு அஞ்சிய ஏழைகள் மகிழ்ந்தனர். முதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் குணமடைந்தனர். பத்தாண்டுக்குள் நோய் திரும்புதல் மிகுந்தது. நேபாளத்தில் ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில் ஐவருள் ஒருவர்க்கு நோய் மீண்டது. ஆனால் வியப்பென்னவெனில், அவ்வாறு மீண்டவரின் கிருமிகளுட் பெரும்பாலானவற்றைச் சோதித்தபோது, அவை மருந்தை வழக்கமான முறையில் எதிர்ப்பனவாகக் காணப்படவில்லை. ஒரு தோல்வியின் காரணத்தை மற்றொரு தோல்விக்கும் கற்பித்துவிடலாகாது. நோயாளரின் வயது, அவர் உடலில் மருந்து தங்கும் அளவு, கிருமியின் வேறு இயல்புகள் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே வினவ வேண்டியுள்ளது.

இன்று நோய் பெரிதும் அடங்கிவிட்டது. 1992ஆம் ஆண்டில் இந்தியாவில் 77,102 பேர் இந்நோயுற்றனர் என்றும், 1,419 பேர் இறந்தனர் என்றும் அரசாங்கக் கணக்குக் கூறும். 2023ஆம் ஆண்டில் நோயுற்றோர் ஆயிரத்திற்கும் குறைவு. அவ்வாண்டில் வங்காளதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரக் கேடு என்னும் நிலையினின்று நீக்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விரைவில் நோயறியும் சோதனை, ஒருமுறை ஏற்றும் மருந்து, மணல் ஈயை ஒழித்தல், வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தேடிய ஊழியர்களின் உழைப்பு ஆகிய யாவும் கூடி விளைத்த நன்மை இது.

மகிழத்தக்கதே, ஆயினும் மறக்கத்தக்கதன்று. காலா ஆசார் நீங்கிய சிலர்க்குத் திங்கள்களோ ஆண்டுகளோ கழிந்தபின் தோலில் வெளிறிய திட்டுக்களும் முடிச்சுக்களும் தோன்றும். இதனை 1922ஆம் ஆண்டில் முதலில் எடுத்துக் கூறியவரும் பிரம்மச்சாரியே. அவர்க்குக் காய்ச்சல் இல்லை; வலி இல்லை; ஆகவே மருத்துவரை நாடார். ஆனால் அத்திட்டுக்களில் கிருமி உயிருடன் உள்ளது; மணல் ஈ அவரிடமிருந்து அதனைப் பெறவும் கூடும். மருந்தைத் தாங்கிய கால்வழிகள் இவ்வாறு சிலர் தோலில் ஓசையின்றிக் காத்திருக்கின்றன. மருந்தை நிறுத்திவிட்டால் அதனை எதிர்க்கும் கிருமிகள் தாமே மெலிந்து மறையும் என்பது பொதுவாக எதிர்பார்க்கத்தக்கதே. மலாவி நாட்டில் மலேரியாவிற்குக் குளோரோகுயினை 1993ஆம் ஆண்டில் நிறுத்த, பன்னிரண்டு ஆண்டுக்குப்பின் அம்மருந்து மீண்டும் முழுப்பயன் அளித்தது. ஆனால் ஆன்டிமனியை எதிர்க்கும் லீஷ்மேனியாவை ஆய்வகத்தில் சோதித்தோர், அது மெலியவில்லை. சிலவற்றில் முன்னினும் வலியதாகவே உள்ளது என்று கண்டனர். இங்கும் ஒன்றன் வழக்கு மற்றொன்றிற்குச் செல்லவில்லை.

எமது வகுப்பில் மாணவர்க்கு லீஷ்மேனியாவின் தகட்டைக் காட்டும்போது, அதன் அடியில் ஒட்டியுள்ள பெயரை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர் என்று கூறுவது வழக்கம். எவ்வூரில், எவ்வாண்டில், எவரிடமிருந்து எடுத்தது, எம்மருந்து பெற்றவர், அது பயன்பட்டதா என்னும் வினாக்களையும் அருகில் எழுதுமாறு கேட்போம். தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை என்று சிலர் முறையிடுவதுண்டு. உண்மையே. ஆனால் இம்மாணவருட் சிலர் நாளை மருத்துவராவர். சிலர் ஆய்வுக்கூடத்தில் அமர்வர். சிலர் ஊர்களிற் சென்று சுகாதாரப் பணி புரிவர். அவர்கள்முன் ஒருநாள் ஏழை ஒருவர் வந்து, "மருந்தை முழுதும் உட்கொண்டேன், நோய் தீரவில்லை" என்று கூறுவார். காசநோயாயினும் மலேரியாவாயினும் வேறெதுவாயினும் அவர் கூறுவது இதுவே. மருந்தை இடையில் விட்டோரும் உலகில் உண்டு. ஆதலின் விசாரித்தல் தகும். ஆனால் விசாரணை நோயாளரோடு நின்றுவிடல் ஆகாது. கிருமியையும் அழைத்து வந்து, அது வாழும் இடத்திலேயே வைத்து, மருந்துக்கு அது யாது மறுமொழி கூறுகின்றது என்று கேட்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறல் வேண்டும். அதற்குரிய சோதனையைச் செய்யும் வசதியும் திறமையும் நோய் மிகுந்த ஊர்களுக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். நோய் குறைந்த இக்காலத்தில் அவற்றை மூடிவிடாது காப்பதே, இத்துறையில் இறங்கும் இளைஞர்க்கு இன்று காத்திருக்கும் பணியாகும்.